சாவி யார் கையில்? வடகிழக்கு பிரேசிலின் உப்புத் தண்ணீர்க் கதை

போர் போட்டாச்சு. அறுபது மீட்டர் ஆழத்தில் தண்ணியும் வந்தாச்சு. ஆனா வாயில வச்சா உப்பு. ஆடு குடிக்கும், மாடு யோசிக்கும், மனுசன் குடிக்க முடியாது.

ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இது பழகிய கதைதான். ஆனால் இந்தப் பதிவு பூமியின் மறுபக்கத்தைப் பற்றியது. பிரேசிலின் வடகிழக்கில் 'செர்தாவ்' என்று சொல்லப்படும் உள்நாட்டு வறண்ட பகுதி. வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்வோமே, அதற்கு அச்சு அசலாகப் பொருந்தும் இடம். அங்கே ஆயிரக்கணக்கான போர்களில் இந்த உப்புத் தண்ணிதான் வருகிறது. அதைக் குடிநீராக்கி, மிஞ்சும் உப்புக் கழிவில் மீன் வளர்த்து, அந்த மீன் குளத்துத் தண்ணியில் ஆட்டுத் தீவனம் வளர்க்கும் ஊர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்துக் குறிப்பெடுத்து வருகிறேன்.

முதலில் என்னை இழுத்தது அந்தத் தொழில்நுட்பம்தான். போகப் போகத் தெரிந்தது, இயந்திரம் இந்தக் கதையில் சின்னப் பாத்திரம். பெரிய கேள்வி வேறு: தண்ணீர்க் கொட்டகையின் சாவி யார் கையில் இருக்கிறது? அந்தக் கேள்விக்கு நூறு வருசத்துக்கு மேல் வயசு.

மழை, பாறை, உப்பு

2017-ல் பிரேசில் அரசு வகுத்த எல்லைப்படி அந்நாட்டின் அரைவறட்சிப் பகுதியில் 1,262 நகராட்சி வட்டங்கள் வந்தன. மக்கள் 2 கோடியே 70 லட்சம் பேர். ஆண்டு மழை பெரும்பாலும் 800 மி.மீ.க்குக் கீழே. கேட்டால் அப்படியொன்றும் மோசமில்லையே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்த மழை மூன்று நான்கு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். சில வருசம் அதுவும் வராது. வெயிலில் ஆவியாகக்கூடிய அளவோ வருசத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல். திறந்து வைத்த தண்ணியை வானம் குடித்துவிடும்.

தரைக்குக் கீழே போய்ப் பார்த்தால், பெரும்பகுதி கருங்கல் வகைப் படிகப் பாறை. மணல் அடுக்கு மாதிரித் தண்ணியைப் பிடித்து வைக்க அதில் இடமில்லை. வெடிப்புகளில் மட்டும் கொஞ்சம் தேங்கும். மழை குறைவு என்பதால் அந்த வெடிப்புத் தண்ணி புதுசாக மாறாமல் வருசக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. பாறையிலிருந்து கரைந்ததும் மழை கொண்டுவந்ததும் சேர்ந்து உப்பு ஏறிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட போர்களில் மணிக்கு 1,000 முதல் 3,000 லிட்டர் வரைதான் ஊறும். உப்பு லிட்டருக்கு 3 கிராம் அளவில் இருப்பது சகஜம். பிரேசிலின் குடிநீர் வரம்பு 2021 வரை லிட்டருக்கு 1 கிராமாக இருந்தது. கடல் தண்ணி 35 கிராம். ஆக இது கடலும் இல்லை, நல்ல தண்ணியும் இல்லை. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் சவர் தண்ணி.

போர்த்துகீசிய மொழியில் நன்னீருக்குப் பெயர் 'அகுவா டோசி'. நேரடிப் பொருள் இனிப்புத் தண்ணி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தாது வருசமும் 1877-ம்

இங்கே நமக்கும் அவர்களுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் 1876–78. செர்தாவில் 'பெரும் வறட்சி' என்று இன்றும் நினைக்கப்படுவது 1877–79. பசிபிக் கடல் சூடேறிய அதே எல் நினோ நிகழ்வுதான் இரண்டுக்கும் பின்னால் இருந்தது. மைக் டேவிஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்தியா, சீனா, பிரேசில் மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

சியாரா மாநிலத்தின் உள்நாட்டிலிருந்து ஜனங்கள் கடற்கரைத் தலைநகரான ஃபோர்தலேசாவுக்கு நடந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நகரத்தைச் சுற்றிக் கிடந்தார்கள். பட்டினிக்குப் பின்னாலேயே பெரியம்மை வந்தது. 1878 டிசம்பர் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் பிணங்களுக்கு மேல் அந்த நகரத்தில் புதைக்கப்பட்டன. உயிர் பிழைத்தவர்களில் பலரைக் கப்பல் ஏற்றி அமேசான் ரப்பர் காடுகளுக்கு அனுப்பினார்கள். தாது வருசத்துக்குப் பிறகு இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்களை நினைத்துக்கொண்டால் அந்தக் காட்சி நமக்குப் புரியும்.

அரசாங்கத்துக்குத் தோன்றிய பதில் அணை. கிஷடா என்ற ஊரில் செத்ரோ அணையை 1890-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். 1909-ல் வறட்சிக்கு எதிரான கட்டுமானங்களுக்கென்றே ஒரு மத்தியத் துறை உருவானது. பெயர் இரண்டு முறை மாறி 1945 முதல் 'டினோக்ஸ்' என்று இன்றும் இருக்கிறது. இந்தத் துறையின் மனசிலிருந்த படம் எளிமையானது: வறட்சி ஓர் எதிரி, அணை ஓர் ஆயுதம், பொறியாளர் ஒரு தளபதி. அரசு ஆவணங்களில் 'வறட்சியை எதிர்த்துப் போர்' என்ற தொனிதான் பல பத்தாண்டு ஓடியது.

அணை யாருக்கு?

அணைகள் நிறையவே கட்டினார்கள். கேள்வி, எங்கே கட்டினார்கள் என்பது. தனியார் நிலத்துக்குள் அரசுப் பணத்தில் கட்டிய குளங்கள் ஏராளம். நிலம் பண்ணையாரின் பெயரில் இருந்தால் குளத்துத் தண்ணியும் நடைமுறையில் அவருடையதுதான். செர்தாவில் இவர்களைக் 'கர்னல்' என்பார்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் இல்லை. பழைய தேசியக் காவல்படைப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. குளத்தைச் சுற்றி வேலி. தண்ணி மொள்ள வேண்டுமென்றால் அவர் தயவு வேண்டும். அந்தத் தயவுக்குத் தேர்தல் நாளில் கைம்மாறு செய்ய வேண்டும்.

அணை கட்டியும் ஜனம் நகரத்துக்கு வருவது நிற்கவில்லை. 1932 வறட்சியில் சியாரா அரசு ஏழு முகாம்கள் அமைத்தது. உள்நாட்டிலிருந்து வருபவர்களை ரயில் பாதை ஓரத்திலேயே மடக்கி அடைத்து வைத்தார்கள், தலைநகருக்குள் வந்துவிடக் கூடாது என்று. ஜனங்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'அரசாங்கப் பட்டி'. மாட்டுப்பட்டி, ஆட்டுப்பட்டி என்கிறோமே, அதே பட்டி.

1959-ல் அந்தோனியு கலாடு என்ற பத்திரிகையாளர் இந்தப் பகுதியில் சுற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். வறட்சி நிவாரணப் பணத்தில் கொழுப்பவர்களை அவர் 'வறட்சித் தொழிலதிபர்கள்' என்று அழைத்தார். 'வறட்சித் தொழில்' என்ற சொல் அதற்குப் பிறகு பிரேசில் அரசியலில் நிலைத்துவிட்டது. வறட்சி தீர்ந்தால் நஷ்டப்படும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தச் சொல்லின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் பொருளாதார அறிஞர் செல்சோ ஃபுர்தாதோவின் முயற்சியில் 'சுதேனி' என்ற வடகிழக்கு வளர்ச்சி ஆணையம் பிறந்தது. வறட்சி ஒரு தண்ணிப் பிரச்சினை மட்டும் இல்லை, நில உடைமைப் பிரச்சினை, வருமானப் பிரச்சினை என்று ஃபுர்தாதோ வாதாடினார். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவருடைய அரசியல் உரிமைகள் பறிக்கப்பட்டன, நாட்டைவிட்டுப் போனார்.

அணைக்குப் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு லாரித் தண்ணி. போர்த்துகீசிய மொழியில் தண்ணி லாரிக்குக் 'காரு பீப்பா' என்று பெயர். பீப்பா என்றால் நம்ம பீப்பாயேதான். போர்த்துகீசியர் நமக்கு விட்டுப்போன சொற்களில் அதுவும் ஒன்று. பீப்பாய் வண்டி எந்த ஊருக்கு முதலில் வரும், எந்தத் தெருவில் நிற்கும் என்பதை உள்ளூர்ப் புள்ளி தீர்மானிக்கும்வரை, அந்த வண்டி ஒரு வாக்குச்சீட்டு. நம்மிடம் விட்டுப்போன இன்னொரு சொல் 'சாவி'. அவர்கள் மொழியில் 'ஷாவி'. இந்தக் கதை முழுக்க அந்தச் சாவியைப் பற்றித்தான்.

வெளியிலிருந்து வந்த மாயத் தீர்வுகளில் ஒரு மரமும் உண்டு. 1942-ல் பெருவின் பியூரா பகுதியிலிருந்து விதை கொண்டுவந்து, பெர்னாம்புகோ மாநிலத்து செர்ரா தல்யாடாவில் நட்டார்கள். வறட்சியிலும் தழைக்கும், காய் மாட்டுக்குத் தீவனம், கட்டை விறகுக்கு ஆகும் என்று பிறகு ஊக்கத்தொகை கொடுத்துப் பரப்பினார்கள். இன்று அது ஆற்றோரங்களை மூடிக்கொண்டு உள்ளூர் மரங்களைத் துரத்துகிறது. அங்கே அதற்கு 'அல்கரோபா' என்று பெயர். நமக்குத் தெரிந்த பெயர் சீமைக்கருவேலம்.

போரிலிருந்து சகவாழ்வுக்கு

1999 நவம்பரில் ரெசிஃபி நகரத்தில் பாலைவனமாதல் குறித்த ஐ.நா. மாநாடு நடந்தது. அதையொட்டி விவசாயச் சங்கங்கள், தேவாலயக் குழுக்கள், தொண்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 'ஆசா' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. இவர்கள் கொண்டுவந்த மாற்றம் முதலில் ஒரு சொல்லில் இருந்தது. 'வறட்சியை எதிர்த்துப் போர்' என்பதை எடுத்துவிட்டு, 'அரைவறட்சியோடு சேர்ந்து வாழ்தல்' என்றார்கள். பனிக்கு எதிராக யாரும் போர் தொடுப்பதில்லை, பனியில் வாழக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த மாதிரிதான் இதுவும் என்பது வாதம்.

செயலில் அது ஒரு தொட்டி. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக 16,000 லிட்டர் சிமென்ட் தொட்டியில் பிடிப்பது. ஐந்து பேர் குடும்பத்துக்கு எட்டு மாதக் குடிநீர், சமையல் தண்ணி என்று கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆளுக்கு நாளைக்கு 13 லிட்டர் வருகிறது. பத்து லட்சம் தொட்டி என்று இலக்கு வைத்தார்கள், தாண்டியும் விட்டார்கள். தொட்டியின் அழகு, அது வீட்டு வாசலில் இருக்கிறது. யாரையும் கும்பிட வேண்டாம்.

ஆனால் மழை ஒரு வருசம் முழுக்கப் பெய்யாவிட்டால் தொட்டி காலி. அங்கேதான் அந்த உப்புக் கிணறு மறுபடி கண்ணில் படுகிறது. மழை இல்லாத வருசத்திலும் அதில் தண்ணி இருக்கிறது.

கொட்டகையில் துருப்பிடித்த இயந்திரங்கள்

உப்பை நீக்கும் முறை புதிதில்லை. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் உப்புத் தண்ணியை அழுத்தினால் மறுபக்கம் நல்ல தண்ணி கசியும், உப்பு இந்தப் பக்கமே தங்கும். கடல் தண்ணிக்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல அறுபது மடங்கு வேண்டும். சவர் தண்ணிக்குப் பத்து, இருபது மடங்கு போதும். அதனால் மின்சாரச் செலவும் குறைவு.

1990-களின் பின்பாதியில் பிரேசில் அரசு இப்படிப்பட்ட இயந்திரங்களைக் கிராமங்களில் வைத்தது. காம்பினா கிராண்டி பல்கலைக்கழகத்தில் கெப்லர் ஃபிரான்சா என்ற வேதிப்பொறியாளரின் ஆய்வகம் இந்தத் துறையில் முன்னோடி. தொழில்நுட்பம் உள்நாட்டிலேயே இருந்தது. ஆனாலும் பல இயந்திரங்கள் கொஞ்ச காலத்தில் நின்றுபோயின.

காரணங்களைப் பார்த்தால் ஒன்றுகூட மர்மமில்லை. முன்வடிகட்டியை மாற்ற ஆளில்லை. சுண்ணாம்பும் சிலிக்காவும் சவ்வில் படிந்து அடைத்துக்கொண்டன. படியாமல் தடுக்கும் மருந்து வாங்கக் காசில்லை. மின் கட்டணம் நகராட்சி கட்டுமா, ஊர் கட்டுமா என்று இழுபறி. கொட்டகை இருந்த நிலம் ஒருவருடையது, அவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாவி மேயருடைய ஆளிடம் இருந்தது, தேர்தலில் மேயர் மாறினார், சாவியைக் காணோம். வேறு சில ஊர்களில் இயந்திரம் நன்றாகவே ஓடியது, ஆனால் உப்புக் கழிவை வாய்க்காலில் விட்டதில் கொல்லை நிலம் வெள்ளை பூத்துப் போனது.

அணையில் நடந்ததேதான் இயந்திரத்திலும் நடந்தது. பொருளை மேலிருந்து இறக்கினார்கள், அதைச் சுற்றி உறவு எதையும் கட்டவில்லை.

ஒரு பக்க ஒப்பந்தம்

2004-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கிய திட்டத்தின் பெயர்தான் 'அகுவா டோசி'. பின்னாளில் 1,200 கிராமங்களில் அமைப்பது என்று இலக்கு நிர்ணயித்தார்கள். வறுமை, குழந்தை இறப்பு விகிதம், மழை அளவு, வேறு தண்ணி ஆதாரம் உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டு வட்டங்களை வரிசைப்படுத்தினார்கள். மேயருக்கு வேண்டிய ஊர் முதலில் வராமல் இருக்க அது ஒரு தடுப்பு.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த படி. இயந்திரம் வருவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம். ஒன்றல்ல, பல. கொட்டகை எந்த நிலத்தில்? தனியார் நிலமென்றால் பொதுவுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். யார் இயக்குவது? ஊர்க்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பார்கள். எந்த நாளில், எத்தனை மணிக்குத் திறப்பது? குடும்பத்துக்கு எத்தனை லிட்டர்? கரண்டு பில் யார் கட்டுவது? பழுதுக்கு என்று உண்டியல் சேர்ப்பதா, சேர்த்தால் யாரிடம்? வெளியூர்க்காரர் வந்து கேட்டால் கொடுப்பதா? எல்லாவற்றையும் பேசி முடித்து ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஊர், நகராட்சி, மாநிலம் ஒவ்வொன்றின் பொறுப்பும் அதில் இருக்கும்.

குடிப்பதற்கு மட்டும் ஓர் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்பது திட்டத்தின் அடிப்படைக் கணக்கு. குளிக்க, துவைக்க, ஆட்டுக்கு எல்லாம் பழைய உப்புத் தண்ணியோ குட்டைத் தண்ணியோ போதும். பல ஊர்களில் வில்லை போட்டுத் தண்ணி எடுக்கும் குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு வில்லைக்கு 20 லிட்டர். குடும்பத்தில் எத்தனை தலையோ அதற்கேற்ப வில்லை. கர்னலின் பேத்திக்கும் அதே வில்லைதான், கூலிக்காரர் மகனுக்கும் அதே வில்லைதான்.

பார்க்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா நூறு வருசமா தண்ணிக்கு யார் தயவையோ எதிர்பார்த்து நின்ன ஊரில், தண்ணியின் கணக்கை ஊரே எழுதிச் சுவரில் ஒட்டுவது சின்ன விஷயம் இல்லை. 'இவருக்கு ஓட்டுப் போட்டாத்தான் லாரி வரும்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. இந்தத் திட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு அந்த ஒரு பக்க ஒப்பந்தம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உப்பு எங்கே போகிறது?

இயந்திரத்துக்குள் போகும் தண்ணியில் கிட்டத்தட்டப் பாதி நல்ல தண்ணியாக வரும், பாதி கழிவாக வரும். உப்பு முழுக்க அந்தக் கழிவுப் பாதியில் சேர்ந்துவிடுவதால் லிட்டருக்கு 3 கிராம் இருந்தது 6 கிராம் ஆகும்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 4,000 லிட்டர் கழிவு என்று வைத்துக்கொண்டால், அதில் 24 கிலோ உப்பு. வருசத்துக்கு எட்டேமுக்கால் டன். ஒரு சிற்றூரின் கொல்லையில் ஒவ்வொரு வருசமும் ஒரு லாரி உப்பைக் கொட்டுகிற மாதிரி.

இதற்கு பெட்ரோலினாவில் உள்ள எம்பிராபா என்ற அரசு வேளாண் ஆய்வு நிறுவனம் ஒரு வழி யோசித்தது. எவரால்தோ போர்த்தோ என்ற ஆய்வாளர் இதில் முன்னின்றார். அந்த வட்டத்திலேயே அதால்யோ என்ற சிற்றூரில் செய்து காட்டினார்கள். கழிவுத் தண்ணி முதலில் மீன் குளத்துக்குப் போகும். உப்பைத் தாங்கும் திலாப்பியா, அதாவது நம்ம ஜிலேபி மீன், அதில் வளரும். மீன் கழிவால் தண்ணியில் சத்து ஏறும். அந்தத் தண்ணியை ஒரு ஹெக்டேர் 'உப்புச் செடி'க்குப் பாய்ச்சுவார்கள். அட்ரிபிளக்ஸ் நம்முலேரியா என்ற ஆஸ்திரேலியப் புதர். நம்ம உமரிக்கீரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இலையின் மேல் உள்ள நுண்ணிய பைகளில் உப்பை ஏற்றி வைத்துக்கொள்ளும், இலையில் புரதமும் நிறைய. அதை வெட்டிக் காயவைத்து, மற்ற தீவனத்தோடு கலந்து வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் போடுவார்கள்.

ஆக ஒரே போரிலிருந்து குடிநீர், மீன், தீவனம், ஆடு. கோடையில் தீவனமில்லாமல் ஆட்டை வந்த விலைக்கு விற்கும் குடும்பத்துக்கு அந்தக் காய்ந்த புதர்க்கட்டு பெரிய விஷயம். விற்காமல் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் விலை பேசலாம். பராய்பா மாநிலத்தில் சாவ் ஜுவாவ் டோ கரிரி வட்டத்தின் உருசு என்ற ஊரில் இன்னொரு பாணி செய்தார்கள். மண்ணில்லாமல் தண்ணியிலேயே கீரை வகைகள், கூடவே மீன், ஸ்பைருலினா பாசி.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனா இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உப்புச் செடி எடுத்துக்கொள்வது கொட்டும் உப்பில் ஒரு சிறு பங்குதான். மீதி மண்ணில் தங்கும். அதனால் எல்லா மண்ணிலும் இதைச் செய்ய முடியாது. மண் ஆழமாக, தண்ணி வடியக்கூடியதாக இருக்க வேண்டும், உப்பளவைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். கிணறும் நன்றாக ஊற வேண்டும். இதெல்லாம் பொருந்திய ஊர்கள் குறைவு. பெரும்பாலான ஊர்களில் அடியில் உறை விரித்த தொட்டிகளில் கழிவைக் காயவிடுகிறார்கள். உப்பு மாயமாக மறைவதில்லை. அது எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். வாய்க்காலில் விட்டுவிட்டு மறந்துபோன நாட்களோடு ஒப்பிட்டால் அந்தத் தெரிதலே ஒரு முன்னேற்றம்.

ஏழு வருச வறட்சியும் ஓர் அறிவிப்பும்

2012-ல் தொடங்கி ஆறேழு வருசம் செர்தாவை மறுபடி வறட்சி வாட்டியது. 2003-ல் திறந்த காஸ்தாஞ்ஞாவ் அணை 670 கோடி கன மீட்டர் கொள்ளும் பிரம்மாண்டம். 2018 தொடக்கத்தில் அது கிட்டத்தட்ட 2 சதவீதத்துக்கு இறங்கியது. தொட்டிகளை நிரப்ப ராணுவம் பீப்பாய் வண்டிகளை ஓட்டியது. ஆனால் 1877 போலவோ 1932 போலவோ ஜனங்கள் சாரை சாரையாக நடக்கவில்லை, கடைகளைச் சூறையாடவில்லை. இதற்குக் குடிநீர்த் திட்டங்கள் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். முதியோர் ஓய்வூதியமும் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் வந்த உதவித்தொகையும் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டன. வாசல் தொட்டியும் ஊர்க்கொட்டகையும் அவற்றோடு சேர்ந்து வேலை செய்தன.

2018 டிசம்பரில், பதவியேற்கும் முன்பே, பொல்சொனாரோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தன் அறிவியல் அமைச்சர் இஸ்ரேல் போய் உப்பு நீக்கும் தொழில்நுட்பத்தைப் பார்ப்பார், வடகிழக்குக்கு அது வரும் என்று. உள்நாட்டில் பலரும் உடனே சுட்டிக்காட்டினார்கள்: 2004-லிருந்து இங்கேயே ஒரு திட்டம் ஓடுகிறதே! 1909-ன் குரல் அப்படியே மறுபடி கேட்டது போல இருந்தது. தீர்வு எப்போதும் தூரத்திலிருந்து, இயந்திர வடிவத்தில், ஒரு தலைவர் கையால் வர வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 'ஊரே நடத்துகிறது' என்று புகழ்வது, அரசு தன் வேலையைக் கைகழுவ வசதியான வழி ஆகாதா? நகரத்துக்காரர் குழாயைத் திறக்கிறார், கூட்டத்துக்குப் போவதில்லை. கிராமத்து ஏழைக்கு மட்டும் ஏன் கூட்டம், உண்டியல், வடிகட்டி மாற்றும் வேலை? நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: ஒப்பந்தத்தில் அரசின் கையெழுத்தும் இருக்கிறது. சவ்வு மாற்றுவது, பெரிய பழுது, தண்ணிப் பரிசோதனை எல்லாம் ஊரால் ஆகாது. அந்தப் பங்கை அரசு செய்யாத இடங்களில் கொட்டகை பூட்டிக் கிடக்கத்தான் செய்யும், ஊர் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும்.

இதையெல்லாம் வாசித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எங்கேயாவது ஒரு கிராமத்தில் சுத்திகரிப்பு நிலையத் திறப்பு விழா என்று செய்தி வந்தால், ரிப்பன் வெட்டியவர் யார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு மூன்று விஷயம் தேடுகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது? மூன்றாம் வருசம் சவ்வு மாற்ற வேண்டி வந்தால் காசு எங்கிருந்து வரும்? கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது? பெரும்பாலும் செய்தியில் மூன்றுக்கும் பதில் இருப்பதில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு கொட்டகை இருந்தால், அடுத்த முறை குடத்தோடு போகும்போது அந்த மூன்றாவது கேள்வியை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். குழாய் முடியும் இடத்தில் மண் வெள்ளையாக இருந்தால், அங்கே விசாரிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.